நீருக்கு விலை அறமாகுமா?

வானம் விலை கேளாது பொழியும் நீருக்கு மனிதன் விலை கேட்பது முறையோ? அயர்லாந்து நாட்டில் இவ்வினா வீதிக்கே வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்களிடம் இருந்த குடிநீர்ப் பணியை 2013ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒரே தேசிய நிறுவனத்திடம் ஒப்படைத்தன. சுத்திகரித்த நீரில் ஏறத்தாழப் பாதி பழங்குழாய்களில் கசிந்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆதலின் ஒருங்கிணைத்தது தகும். ஆனால் 2008இன் வங்கி வீழ்ச்சியால் வரிச்சுமை ஏறியிருந்த குடிகளின் வாயிலில் அளவுமானி பொருத்தி, 2014இல் கட்டணமும் விதித்தனர். பல்லாயிரவர் திரண்டு எதிர்த்தனர். நாளை நீர் தனியார் கைக்குப் போகுமோ என்ற அச்சம் வேறு. மக்கள் வாக்கெடுப்பின்றி அது கூடாது என அவ்வாண்டே சட்டம் செய்ய நேர்ந்தது. 2016இல் கட்டணம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு, செலுத்தியோர்க்குப் பணமும் திரும்பியது.

மக்கள் வென்றனர் என மகிழலாம். எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. அந்நாட்டுச் சிற்றூர்களில் சொந்தச் செலவில் கிணறு அமைத்து நீர் கொள்வோர் உளர். நகரத்தாரின் குழாய்நீர்ச் செலவிலும் அவர்தம் வரி சேர்கிறது. கருவூலம் கொடுப்பதும் பிறர் உழைப்பே அன்றோ? நீரை வடித்துப் பருகி, துணியில் தங்கிய சிற்றுயிரை மீண்டும் கிணற்றிலேயே சேர்த்த நம் முன்னோர்க்கு நீர் விலையின்றிக் கிடைத்தது. எனினும் அவர்கள் அதைச் சிந்தியதில்லை. அளவுக்கு மிஞ்சிய பயன்பாட்டுக்கே கட்டணம் என்ற 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் நெறி எனக்கு உடன்பாடே. ஆயின் குழாயிலேயே கசிந்து போகும் நீருக்கு எவர் வீட்டு வாயிலில் அளவுமானி வைப்பது?