பரிசு பெறாத பிள்ளை



தேர்வில் தேறிய மாணவருக்குப் பரிசும் உதவித்தொகையும் வழங்குவது நம் சங்கங்களின் நல்வழக்கம். நாமும் மனமுவந்து கொடுக்கிறோம். ஆனால் பதினேழு வயதில் மேடையேறும் பிள்ளைக்குக் கொடுக்கிறோமே, ஏழு வயதிலேயே "மக்கு" என்று ஒதுக்கப்பட்ட பிள்ளையின் பங்கு எங்கே போயிற்று?

அப்பிள்ளை மக்கு அன்று. வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால் எழுத்து கண்ணில் படும், மனத்தில் ஒட்டாது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைக்குக் கவனம் நிலைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நேரும் அக்குறையைப் பின்னால் ஈடு செய்வது கடினம். பசி மட்டுமா? வீட்டில் ஒரு புத்தகம் இல்லை. தகப்பன் நள்ளிரவில் வேலை முடிந்து வருகிறார். கதை சொல்ல யாருக்கு நேரம்?

கோலாலம்பூரின் மலிவு அடுக்குமாடிகளை ஆராய்ந்து 2018இல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கையில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 22 குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள். ஐந்து, ஆறு வயதினரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பாலர் பள்ளிக்கே போகவில்லை. அத்தகைய மாடிகள் நம் பட்டர்வொர்த்திலும் உண்டு. நம் அரசாங்கம் தொடக்கப் பள்ளியில் ஏழை மாணவருக்கு உணவளிக்கிறது, உண்மை. பள்ளி வயதை எட்டாத குழந்தைக்கு அது எட்டாது.

பசித்த பிள்ளை படிக்காது என்பதைச் சென்னை நூறாண்டுக்கு முன்பே கண்டது. 1920இல் தியாகராயர் தலைமையில் மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஓரணா! 1956இல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் பரப்பினார். 2022 முதல் தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் கிடைக்கிறது.

பெற்றோருக்குப் பொறுப்பில்லை என்பார் சிலர். சிலருக்கு இல்லைதான். அதற்கு நான்கு வயதுக் குழந்தையா அபராதம் கட்டுவது?

லாபம் காட்டிய கடைக்கு மேலும் முதல் போடுவது வியாபாரத்தில் புத்திசாலித்தனம். தர்மத்தையும் அப்படியே நடத்தலாமா? பத்ரில் சிறைப்பட்டோரில் பணமற்றவர், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தால் அதுவே மீட்புத்தொகை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றதை மிம்பரில் கேட்டிருக்கிறோம். வெள்ளிக்காசுக்கு ஈடாக அங்கே எழுத்து மதிக்கப்பட்டது.

பரிசளிப்புக்கு ஒதுக்கும் தொகையில் பாதியைப் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கும் காலை உணவுக்கும் மாற்றுவதுபற்றி அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசியாக வேண்டும். அதற்குமுன், நம் கடையில் தட்டுக் கழுவுபவரிடம் அவர் பிள்ளைக்கு எத்தனை வயது, வாங்கும் சம்பளம் போதுகிறதா என்று கேட்டுவைப்போம். அப்பிள்ளை இங்கே மாடியிலும் இருக்கலாம், இராமநாதபுரத்துக் கிராமத்திலும் இருக்கலாம்.