கூடு மாறிய கடிகாரம்

சில மாதங்களுக்கு முன் உடன்பிறந்தோர் இருவர் ஒரு சிறு தகரப் பெட்டியுடன் பங்கு இல்லத்திற்கு வந்தனர். பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து வைக்கப்பட்டிருந்தது, கூடு இல்லாத ஒரு பழைய பைக்கடிகாரம். முகப்பும் முட்களும் பின்புறச் சக்கரங்களும் மட்டுமே எஞ்சியிருந்தன. அது அவர்களுடைய தந்தையின் கடிகாரம். அவர் இறந்தபின், 1968-ஆம் ஆண்டில், மூத்தவரின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தாய் அதன் பொற்கூட்டை விற்றுவிட்டார். நகைக்கடைக்காரர் கூட்டை எடுத்துக்கொண்டு இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாராம்.

வேறு கூடு தேடிப் பொருத்தி அதை ஓடச் செய்யவேண்டும் என்பது இளையவரின் விருப்பம். மூத்தவரோ இசையவில்லை. “வேற கூட்டுல வெச்சா அது அப்பாவோட கடிகாரமா சாமி?” என்று கேட்டார்.

நமக்கு இது எளிய கேள்வியாகவே தோன்றிற்று. அந்த இயந்திரம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்த்தம் நகரில் செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தும் உறுப்புகளை இயந்திரங்களால் செய்து கடிகாரத் தொழிலையே மாற்றிய ஆலை அங்கு இருந்தது. அக்காலத்து அமெரிக்க ஆலைகள் பெரும்பாலும் இயந்திரத்தை மட்டுமே விற்றன. கூடுகளை வேறு நிறுவனங்கள் குறித்த அளவுகளில் செய்தன. வாங்குபவர் கடையில் இரண்டையும் தனித்தனியே தெரிந்தெடுப்பார். கடைக்காரர் இரண்டு திருகாணிகளால் அவற்றை இணைப்பார். இயந்திரத்தின் எண் வேறு, கூட்டின் எண் வேறு. ஐரோப்பியக் கடிகாரங்கள் பலவற்றில் இரண்டிலும் ஒரே எண் இருக்கும். அவற்றின் கூட்டை மாற்றுவது வேறு வழக்கு. தந்தையின் பொற்கூடும் ஒரு நாள் ஏதோ ஒரு கடையில் வந்து சேர்ந்ததுதானே என்று மூத்தவரிடம் சொன்னோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உள்ளே இருக்கிறத ரிப்பேர்காரர் மட்டும்தான் தொட்டிருப்பார் சாமி. அப்பா கை பட்டது கூட்டுலதான்” என்றார்.

இதற்கு நம்மிடம் விடை இல்லை. குருமடத்தில் பொருளின் சாரம் என்றும் அதன் புறத்தன்மைகள் என்றும் பிரித்துப் படித்திருக்கிறோம். அந்தப் பிரிவின்படி இயந்திரமே கடிகாரம், கூடு புறத்தே நிற்பது. ஒரு மகனின் நினைவுக்கு அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. மேலும், விற்ற பணத்தில் படித்தவர் அவரே என்பதை நாம் சிறிது தாமதமாகத்தான் எண்ணிப் பார்த்தோம். இழந்ததை இழக்கவில்லை என்று காட்டும் எதையும் அவர் விரும்பவில்லை.

இளையவரின் மகன் சிகாகோவில் பணிபுரிகிறார். அங்கு இத்தகைய இயந்திரங்கள் கூடின்றி ஏராளமாகக் கிடைக்கின்றனவாம். பொன் விலை உயர்ந்தபோதெல்லாம் கூடுகள் உலைக்குச் சென்றன. 1980 ஜனவரியில் அவுன்சு 850 டாலரைத் தொட்டபோதும் அதுவே நடந்தது. இரண்டு மகன்களின் தாய் தம் ஏழ்மையில் செய்ததை வசதி படைத்த நாட்டாரும் செய்திருக்கிறார்கள்.

அவர் முதலில் அனுப்பிய கூடு அளவில் சரியாக இருந்தது. ஆனால் மூடியற்றது. தந்தையின் இயந்திரமோ மூடியுள்ள கூட்டுக்கென அமைந்தது. அவ்வகையில் சாவி கொடுக்கும் குமிழ் 3-க்கு அருகில் வரும். மூடியற்ற கூட்டில் வைத்தபோது மேல்வளையத்தின் கீழே 3 வந்து நிற்க, 12 இடப்பக்கம் சாய்ந்தது. ஓடத்தான் செய்தது. ஆயினும் பழுது பார்ப்பவர் தலையை அசைத்துக் கழற்றிவிட்டார். இரண்டாவது கூடு மூடியுடையது, ஏறத்தாழ அதே காலத்தது, மெல்லிய பொன்தகடு போர்த்தது. சாவித் தண்டு இக்கூடுகளின் கழுத்திலேயே அமைந்திருக்கும். அதன் சதுர முனை இயந்திரத்தின் துளைக்குள் இறங்குமாறு சரிசெய்ய அவருக்கு ஒரு பிற்பகல் தேவைப்பட்டது.

இப்படிச் சேர்ந்த கடிகாரத்தை ஆங்கிலம் பேசும் சேகரிப்பாளர்கள் ‘திருமணம்’ என்று சற்று இளக்காரமாகச் சொல்வதுண்டு. எத்தனையோ திருமணங்களை மந்திரித்த நமக்கு அச்சொல் இழிவாகப் படவில்லை.

உண்மையான சிக்கல் அதன் பின்னரே எழுந்தது. மூடியின்மேல் யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் பின்னிப் பொறிக்கப்பட்டிருந்தன. விளிம்பில் பொன் தேய்ந்து பித்தளை தெரிந்தது. மெருகிட்டு எழுத்துகளை நீக்கிப் பொன்முலாம் பூசினால் முழுப் பொன் போலவே இருக்கும் என்றார் பழுது பார்ப்பவர். இளையவருக்கும் ஆசைதான்.

விற்கப்படும் பொருளின் குறையைப் பற்றிப் புனித தோமா அக்வினாஸ் தமது இறையியல் தொகுப்பில் ஆராய்கிறார். வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையை விற்பவர் சொல்லியே ஆகவேண்டும். குதிரைக்கு ஒரு கண் இல்லாததுபோல் குறை வெளிப்படையாக இருந்து, விலையையும் அதற்கேற்பக் குறைத்தால், சொல்லவேண்டிய கடமை இல்லை என்பது அவர் கருத்து. இங்கே விற்பனை எதுவும் இல்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் இதைக் கையில் வாங்கும்போது, ‘தாத்தா வைத்திருந்தபடியே இருக்கிறது’ என்று நம்பினால், பாட்டி ஒன்றும் விற்கவில்லை என்றுமல்லவா நம்புவார்கள்? கூட்டை மாற்றியதில் பொய் இல்லை. முலாம் பூசுவதில் நமக்கு ஐயம் இருந்தது. குதிரையின் குருட்டுக் கண் தெரியட்டும் என்று சொன்னோம். மூத்தவர் அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. கூட்டின் உள்விளிம்பில், முன்பிருந்த இயந்திரத்தின் திருகாணிகள் பதித்த வடுக்களும் புதியவற்றின் அருகிலேயே தெரிகின்றன. பின்மூடியின் உட்புறம் பழைய பழுதுகாரர்கள் ஊசியால் கீறிய குறிகள் மூன்று உள்ளன. நம் ஊர்க்காரரும் தேதியைக் கீறி நான்காவதாகச் சேர்த்துக்கொண்டார்.

கடிகாரம் இப்போது மூத்தவரின் வீட்டில் இருக்கிறது. காலையில் அவரே சாவி கொடுக்கிறார். பெட்டிக்குள் வைப்பதற்காகச் சகோதரர் இருவரும் சேர்ந்து ஒரு தாளில் விவரம் எழுதி, நம்மிடம் காட்ட எடுத்துவந்தனர். இயந்திரம் யாருடையது, கூடு எங்கிருந்து வந்தது, முதற்கூட்டை அம்மா எந்த ஆண்டில், எதற்காக விற்றார் என்பதெல்லாம் அதில் உள்ளன. எவ்வளவு ரூபாய்க்கு விற்றார் என்பது இருவருக்கும் தெரியவில்லை, அவர் சொன்னதில்லையாம். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.