நோயுற்ற மகளும் ஓடிப்போன தந்தையும்

யவன தேசத்து ஆதென்ஸ் நகரில், கி.மு. 300ஐ ஒட்டி, ஜீனோ என்பவர் சித்திரங்கள் தீட்டப்பெற்றதொரு மண்டபத்தில் போதித்து வந்தார். மண்டபத்திற்கு அவர்கள் பாஷையில் ஸ்டோவா என்று பெயர். ஆகவே அவர் வழிவந்தோர் ஸ்டோயிக்குகள் எனப்பட்டனர். சுகதுக்கங்களில் அசையாதவர்கள் என்ற கீர்த்தியோடு, பெண்டு பிள்ளைகள் சாகக் கிடந்தாலும் கலங்காத கல்நெஞ்சர் என்ற அபவாதமும் அவர்களைச் சேர்ந்தது. இது நியாயந்தானா?

அவ்வழியின் பிற்கால ஆசாரியர்களுள் எபிக்டெடஸ் என்பவர் அடிமையாய் இருந்தவர், கால் ஊனமுற்றவர். டொமீஷியன் சக்கரவர்த்தி தத்துவ ஆசிரியர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியபின், நிகோபொலிஸ் நகரில் பாடசாலை நடத்தினார். அவர் கூறியவற்றை அர்ரியன் என்னும் சிஷ்யர் எழுதிவைத்தார். அவற்றுள் 4 பாகங்கள் இன்றும் உள்ளன; முதற்பாகத்தில் ஒரு ஸம்வாதம் வருகிறது.

அதிகாரி ஒருவர் வந்து, தம் சிறு மகள் கடும் நோயுற்றிருந்தபோது பார்க்கச் சகியாமல் வீட்டைவிட்டே ஓடிவிட்டதாகவும், குணமான செய்தி கேட்ட பிறகே திரும்பியதாகவும் கூறினார். தகப்பனுக்கு இது இயல்புதானே என்றும் வாதித்தார். எபிக்டெடஸ் மறுக்கவில்லை. உடலில் கட்டி எழுவதும் இயல்புதான், அதனால் அது நன்மையாகிவிடுமோ என்று மட்டும் கேட்டார். (உபமானம் சற்றுக் கடுமையானதே.) அடுத்து வந்த கேள்விதான் கூரியது. தாய்க்கும் மகளிடம் பிரியம் உண்டே, அவளும் ஓடியிருக்க வேண்டுமோ? செவிலியும் ஓடியிருக்க வேண்டுமோ? அவ்வாறாயின், எல்லோருடைய அன்பின் காரணமாகவே அக்குழந்தை தண்ணீர் கொடுப்பாரின்றித் தனியே கிடந்திருக்கும் அல்லவா? கூடாது என்று அதிகாரியே ஒப்புக்கொண்டார்.

இன்றும் மருத்துவமனை வாசல் வரை வந்து, ‘பார்க்க மனம் தாங்காது’ என்று திரும்பிவிடுவோர் உண்டு. அவர்கள் அன்பு பொய்யன்று. ஆனால் அங்கே பேணப்படுவது நோயாளியின் துன்பமன்று, தம்முடைய துன்பமே. மகள் பிழைப்பது தந்தையின் ஸ்வாதீனத்தில் இல்லை. அருகில் இருப்பது அவர் ஸ்வாதீனத்தில் இருந்தது. இல்லாததை எண்ணி நடுங்கி, இருந்ததையும் அவர் கைவிட்டார். ஸ்டோயிக்குகள் வற்புறுத்திய பாகுபாடு இதுவே. ‘நம் கையில் என்ன இருக்கிறது’ என்று சோம்பியிருப்பதற்கு அதில் இடமே இல்லை. கையில் இருப்பது ஒரு குவளைத் தண்ணீரேயாயினும் அதைக் கொடுத்தாக வேண்டும்.

எபிக்டெடஸ் நெடுங்காலம் தனியே வாழ்ந்தவர். முதிர்ந்த வயதில், நண்பர் ஒருவர் வறுமையால் தம் குழந்தையை எறிந்துவிட இருந்தபோது, அதைத் தாமே ஏற்று வளர்த்தார் என்று 6ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஸிம்ப்ளீஷியஸ் கூறுகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியையும் அவர் வீட்டில் சேர்த்துக்கொண்டாராம்.