நுரையில் ஏறும் அழுக்கு

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்பார்கள். தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. மேலே கோமாளி மீன்கள் பவளங்களுக்கிடையே ஒளிந்து விளையாட, கீழே ‘சம்ப்’ எனப்படும் துணைத்தொட்டியில் ஓர் உருளை இரவும் பகலும் நுரைத்துக்கொண்டிருக்கும். அதுதான் புரோட்டீன் ஸ்கிம்மர். அதன் உச்சியில் உள்ள கப்பில் கரும்பழுப்பாக ஏதோ தேங்கியிருக்கும். மூடியைக் கழற்றினால் அறை முழுவதும் நாற்றம் பரவும். மேலே தெரியும் தெளிவும் கீழே தேங்கும் இந்தச் சேறும் ஒரே தண்ணீரிலிருந்து வந்தவை.

தூய்மை என்றால் என்ன என்று சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றன. அழுக்கே இல்லாத நிலையா, அழுக்கு போகவேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும் நிலையா? இந்த உருளையைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கவனித்தால் அந்தக் கேள்வி வேறு வெளிச்சத்தில் தெரிகிறது.

மீனின் கழிவு, தின்னாமல் மிஞ்சிய இரை, பவளம் சுரக்கும் சளி எல்லாம் தண்ணீரில் கரைகின்றன. கரைந்த பொருட்களில் பலவற்றின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விட்டு விலகும். நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பு கிடைத்தால் அவை அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கோடிக்கணக்கான நுண்குமிழிகளை உண்டாக்கி அந்தப் பரப்பைப் பெருக்கித் தருவதுதான் ஸ்கிம்மரின் வேலை. நன்னீரில் குமிழிகள் சட்டென்று ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். உப்புநீரில் அவை சிறியதாகவே நிலைக்கும். அதனால்தான் இது கடல்நீர்த் தொட்டிக்கே உரிய கருவி. பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று அமோனியாவாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்கு முன்பே, அதில் ஒரு பகுதியை நுரை தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

புது ஸ்கிம்மரை மாட்டிய அன்றே அது ஒழுங்காக நுரைக்காது. தொழிற்சாலையிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப்பசை நீங்க வேண்டும். சில நாட்கள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். சம்ப்பில் நீர்மட்டம் தயாரிப்பாளர் குறித்த உயரத்தில், பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது அங்குலத்துக்குள், மாறாமல் நிற்க வேண்டும். ஆவியாகிக் குறைந்தால் நுரை இறங்கும். மட்டம் கூடினால் தண்ணீராகவே கப்பில் வழியும். வால்வை மயிரிழை திருகிவிட்டு ஒருநாள் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு மணிக்கொரு தரம் திருகுகிறவர்களுக்கு அது ஒருபோதும் நிலைப்படுவதில்லை.

கோளாறுகளுக்கும் காரணம் உண்டு. பவளத்தை ஒட்டவைக்க எப்பாக்சி பிசின் வைத்தாலோ, குளோரின் நீக்கும் மருந்தை அதிகம் ஊற்றினாலோ நுரை பொங்கி வழியும். கையில் எண்ணெய்ப்பசையோடு தொட்டிக்குள் கைவிட்டால் நுரை அப்படியே படுத்துவிடும். சில மணி நேரத்தில் தானாக எழும். நாளாக நாளாக நுரை மெலிந்துகொண்டே வந்தால் காற்றுக்குழாயின் வாயில் உப்பு படிந்து அடைத்திருக்கும். கொஞ்சம் வெந்நீரை உறிஞ்சவிட்டால் கரைந்துவிடும். பம்ப்பின் சக்கரத்தில் சுண்ணாம்பு ஏறியிருந்தால் வினிகரில் ஊறவைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட அடிக்கடி வருவது கப்புக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியில் படியும் வழவழப்பு. அந்தப் பசை ஒரு மெல்லிய ஏடாகப் படிந்தாலே நுரை மேலே ஏறாமல் சரிந்துவிடும். அழுக்கை அகற்ற வைத்த கருவி அழுக்காலேயே நின்றுபோகிறது. அதைக் கையால்தான் துடைக்க வேண்டும்.

இந்தக் கருவி தேவையா என்பதிலேயே பெரிய விவாதம் நடந்திருக்கிறது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் வாழும் உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டும் வைத்துத் தொட்டியைக் காப்பாற்றும் முறையை 1961-இல் எழுதினார். பின்னர் ஜெர்மானிய ஆர்வலர்கள் உயிர்ப்பாறையோடு வலுவான ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். அது ‘பெர்லின் முறை’ என்று பெயர்பெற்றது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி இதற்கு நேர்மாறாக நின்றார். ஸ்கிம்மர் மிதவை உயிர்களையும் சேர்த்து அகற்றிவிடும் என்று அதை ஒதுக்கிவிட்டு, பாசி வளரும் தட்டுகளைக் கொண்டு நீரைத் தெளிவித்தார். ஒரு தரப்பு அழுக்கை வெளியே எடுக்கப் பார்த்தது. மறுதரப்பு அதையே உயிராக வளர்த்தெடுக்கப் பார்த்தது.

பெர்லின் வழி உலகமெங்கும் பரவியது. கருவிகள் வலுவடைய வலுவடைய, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியமாக இருப்பதே பெருமை என்ற எண்ணமும் வளர்ந்தது. அங்கேதான் விபரீதம் தொடங்கியது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு அந்த இரண்டும் உணவு. உணவு இல்லாமல் பவளங்கள் வெளிறின. போட்டியிட வேறு நுண்ணுயிர்கள் குறைந்துபோன தொட்டிகளில் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரின் பழுப்புச் சளி படர்ந்து நத்தைகளைக் கொன்றது. ஒருகாலத்தில் நைட்ரேட்டை விரட்டப் பணம் செலவழித்தவர்கள் இன்று அதையே புட்டியில் வாங்கிச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஸ்கிம்மரும் நினைத்த அளவுக்கு எல்லாம் வல்லதல்ல. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009-இல் அளந்து பார்த்தபோது, நீரிலிருந்த கரிமப் பொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதனால் நீக்க முடியவில்லை.

கடல் என்ன செய்கிறது? பவளப்பாறைகளைச் சுற்றியுள்ள நீரில் சத்து மிகக் குறைவு. ஆனாலும் அங்கே உயிர் பொங்கி வழிகிறது. டார்வின் காலம் முதல் ஆய்வாளர்களை மலைக்கவைத்த புதிர் இது. அதன் ஒரு முடிச்சை 2013-இல் கடல் உயிரியலாளர் யாஸ்பர் டெ கூய் குழுவினர் அவிழ்த்தார்கள். ஸ்கிம்மர் எதைப் பிடித்து வெளியே தள்ளுகிறதோ, அதே கரைந்த கரிமப் பொருளைப் பாறையிடுக்குகளில் வாழும் கடற்பஞ்சுகள் உறிஞ்சிக்கொள்கின்றன. தம் உயிரணுக்களை விரைந்து உதிர்க்கின்றன. உதிர்ந்ததை நண்டும் நத்தையும் புழுவும் தின்கின்றன. அனேகமாக எதுவும் வெளியே போவதில்லை. அங்கே தூய நீர் இருப்பதற்குக் காரணம், கழிவை வேண்டாமென்று சொல்ல யாரும் இல்லாததுதான்.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் கூர்மையாகப் பேசுகிறது. ஆணவம் என்ற மலம், அதாவது அழுக்கு, உயிரோடு என்றும் உள்ளது. முத்தியிலும் அது அழிந்துபோவதில்லை, அதன் வலிமை மட்டுமே அடங்குகிறது என்பது மெய்கண்டார் மரபு. மாயையும் ஒரு மலம் என்றால், இறைவன் ஏன் உடலையும் உலகத்தையும் அதிலிருந்து படைத்துத் தருகிறான்? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் வண்ணானைக் காட்டுகிறார். துணியின் அழுக்கைப் போக்க அவன் சாணத்தையும் உவர்மண்ணையும் அதன்மேல் ஏற்றுகிறான். இரண்டும் சேர்ந்தே வெளியேறுகின்றன. கடல்நீர்த் தொட்டிக்காரர்களும் இதையே செய்கிறார்கள். நைட்ரேட் மிஞ்சினால் தினமும் அளவாக வினிகர் விடுவார்கள். அது பாக்டீரியாக்களுக்கு உணவாகும். அவை நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உள்ளிழுத்துக்கொண்டு பெருகும். பெருகியவற்றை ஸ்கிம்மர் நுரையோடு தூக்கும். அளவு மீறினால் நீர் வெள்ளையாகக் கலங்கி, ஆக்சிஜன் இறங்கி, மீன்கள் செத்துவிடும். சேர்ப்பதும் நீக்குவதும் ஒரே செயலின் இரண்டு கைகள் என்று சித்தாந்தம் கண்டது பெரிய தரிசனம்.

ஆனால் அந்த உவமையில் வண்ணானும் நிற்கிறான். துணி வெளுத்துப் போய்விடுகிறது, அவன் கை என்னவாயிற்று என்று உவமை கேட்பதில்லை. அவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியதும் தூய்மையின் பெயரால்தான். தீட்டு என்று எதைத் தள்ளுகிறீர்களோ அதில்தானே இந்த உடம்பே உருவாயிற்று என்று சித்தர் சிவவாக்கியர் உரக்கக் கேட்டது இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான். இந்தியாவில் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் புதிய சட்டம் 2013-இல் வந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து, சாக்கடைக் குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. சாவு நிற்கவில்லை என்பதால்தான் அந்தத் தொகையைப் பற்றிப் பேச வேண்டிவந்தது. தூய்மையைப் பற்றிய எந்தத் தத்துவமும் கப்பைக் கழுவும் கையைக் கணக்கில் எடுக்காவிட்டால் அது பாதித் தத்துவமே. தொட்டி வைத்திருப்பவர் தன் கப்பைத் தானே கழுவுகிறார் என்பது சிறிய விஷயமல்ல.

கழுவியது எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் சாக்கடைக்குத்தான். ஊரின் சாக்கடை கடலுக்குப் போகிறது. 2019 டிசம்பர் தொடக்கத்தில், மழைக்குப் பிறகு, சென்னை மெரினா கடற்கரை நெடுக வெண்ணுரை திரண்டு ஒதுங்கியது. பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள், பெரியவர்கள் படம் பிடித்தார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்புத் தூளின் பாஸ்பேட்டும் வெள்ளத்தோடு கடலில் கலந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அலை அடித்து அடித்து, ஸ்கிம்மருக்குள் நடப்பதையே கடல் கரையில் செய்துகாட்டியது.

இதே நுரை முறையை இன்று பெரிய அளவிலும் பயன்படுத்துகிறார்கள். ஸ்வீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் குப்பைக்கிடங்குகளிலிருந்து கசியும் நீரில் காற்றைச் செலுத்தி, எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களை நுரையாக எழுப்பிப் பிரிக்கிறார்கள். நீர் தெளிந்துவிடுகிறது. பிரித்தெடுத்த செறிவு ஒரு பீப்பாயில் சேருகிறது. அதைக் கடும் வெப்பத்தில் எரிப்பதா, வேறு வகையில் சிதைப்பதா, அதுவரை யார் ஊரில் வைப்பது என்ற பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.