தூது போகிறவளின் வார்த்தை

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடும் அண்ணாச்சி ஒருவருக்கு, திருவாரூரில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். வாட்ஸ்அப் ஆர்டர், கூரியர் எண், மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்ட ஆடிட்டருக்கு பில் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. அதிலெல்லாம் மனசுக்குச் சங்கடமில்லை. அவர் பெயரில் நான் எழுதும் வார்த்தைகளில்தான் சங்கடம்.

போன ஐப்பசி மழையில், அறுபதாம் கல்யாணத்துக்கு வாங்கிய பாக்கெட்டெல்லாம் நமுத்துப்போனதாக ஓர் அம்மா படம் அனுப்பியிருந்தார். பாகு இளகி, உறையோடு ஒட்டிக் கிடந்தது. "நீயே ஏதாவது எழுதிப் போட்டுரும்மா" என்றார் அண்ணாச்சி. 'மிகவும் வருந்துகிறேன்' என்று தட்டினேன். விரல் நின்றுவிட்டது. வருந்துவது யார்? அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. வருந்தியவள் நான், அடியில் என் பெயர் இல்லை.

நாயன்மார் சுந்தரருக்காக, ஊடியிருந்த அவர் மனைவி பரவையாரிடம் சிவபெருமானே தூது போன ஊர் எங்கள் திருவாரூர். பெரியபுராணத்தில் சிவன் இரண்டு முறை நடக்கிறார். முதலில் அர்ச்சகர் வேடத்தில் போனார், பரவையார் இசையவில்லை. மறுபடி தம் உருவிலேயே போனபோதுதான் ஊடல் தீர்ந்தது. சொன்னவர் கடவுளே ஆனாலும், இரவல் முகத்தில் வந்த சொல்லுக்கு எடை குறைந்துபோயிற்று என்றே நான் இதை வாசிக்கிறேன். தூது தாழ்ந்த வேலையில்லை. வேடம்தான் உறுத்துகிறது.

தட்டியதை அழித்தேன். படத்தை அண்ணாச்சிக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்த அம்மா நம்பரக் குடு தாயி" என்றார்.