பேணுதலும் உடைமையும்

ஓர் உயிரைக் கொல்லாதிருத்தல் அரிது. அதனைக் காப்பேன் என்று ஏற்றுக்கொண்டு சோர்வின்றிக் காத்தல் அதனினும் அரிது.

அயல்நாடுகளில் பலர் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளங்களை வளர்க்கின்றனர். பவளம் கல்லன்று, சிற்றுயிர்க் கூட்டமும் அது கட்டிய வீடுமாகும். நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டே அது சுண்ணாம்புக் கூட்டினைக் கட்டுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கடலின் பரப்பில் அச்செலவு தெரிவதில்லை. தொட்டியிலோ அது நாளும் குறையும்; அமிலத்தைத் தாங்கும் ஆற்றலாகிய காரத்தன்மையும் உடன் தாழும். அது திடீரென ஏறி இறங்கின் பவளத்தின் தசை உரிந்து உயிர் மடிதலும் உண்டு.

ஆதலின் வளர்ப்போர் நீரைச் சோதித்து, ஆவியான நீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுகின்றனர். அது இரு குறைகளையும் ஒருங்கே நிரப்பும். ஒரேயடியாக ஊற்றினாலோ கடுங்காரம் உயிர்களை வருத்தும். குறைவும் கேடு, மிகையும் கேடு.

இங்கேதான் அறவினா எழுகின்றது. வளர்ப்பவருக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. ஆயினும் அவர் பத்து நாள் வெளியூர் சென்று, பார்ப்பாரின்றி அவ்வுயிர் மடியுமானால், அது யாருடைய வினை? அதனால் வேறிடம் செல்லவும் இயலாது. குறை சொல்லவும் இயலாது. கருதிச் செய்யாத கொலையாயினும், சோர்வினால் விளைந்தது கொலையே அன்றோ?

"தொட்டியில் வளர்ப்பதும் காப்பதுதானே?" எனச் சிலர் கேட்கலாம். நம் தாமிரபரணி சென்று கலக்கும் மன்னார் வளைகுடாவை நோக்குக. அங்கே பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்பு சுட்ட காலம் ஒன்றிருந்தது. 1986இல் அதன் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் பொருத்திக் கடலிலேயே வளர்க்கின்றனர். அங்கே கால்சியத்தை அளந்து ஊட்டுவது கடல். மனிதர் துணை மட்டுமே. இது பேணுதல். அழகு கருதி வீட்டுக்குக் கொணர்தல் உடைமையாக்குதல்.

திருநெல்வேலி டவுண் வீடுகளில் பவளத் தொட்டி இல்லாதிருக்கலாம், மீன்தொட்டி உண்டு. குழந்தைகள் கேட்டதும் வாங்கித் தருகிறோம். வாங்குமுன் அவர்களிடம் கேட்க வேண்டிய வினா, "உனக்குப் பிடிக்கிறதா?" என்பதன்று, "ஆறும் கடலும் அதற்குச் செய்வதை நீ நாள்தோறும் செய்வாயா?" என்பதே. தயங்கினால், அவ்வுயிர் தன் நீரிலேயே வாழட்டும்.