மலையின் அசைவும் மனிதரின் அடையாளமும்

ஒரு பொருள் தன்னை உணர்த்துதல் வேறு. அதனை ஒருவர் அறிதல் வேறு. அறிந்தபின் அவர்மேல் வந்து சாரும் கடமை பிறிதொன்று. கேகாலை மாவட்டத் தோட்டங்களை நோக்குமிடத்து இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 2016 மே 17 ஆம் நாள், பெருமழையிடையே, அரநாயக்கவிற் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடிற்று. அதே நாளிற் புளத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்திலும் மண்சரிவு உயிர்களைக் கொண்டது.

வானொலி அடையாள வில்லை என்னும் சிறு கருவி இங்கு எண்ணத்தக்கது. அதன் எளிய வகைக்கு மின்கலமில்லை. வாசிப்புக் கருவி அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, அவ்வலையைத் தனக்குரிய எண்ணுக்கேற்ப மாற்றித் திருப்புகின்றது. எண் அடையாளத்தைக் கூறும். மீளும் அலையின் அவத்தை மாற்றம் வில்லை நகர்ந்த தூரத்தைக் காட்டும். அம்மாற்றம் விரைந்து மீளமீள நிகழின் அஃது அதிர்வு. சுவிட்சர்லாந்தின் பொன்-பூர்க்கன் சரிவில் இத்தகைய வில்லைகளைப் பொருத்தி, நிலத்தின் நகர்வை ஏறத்தாழச் சென்ரிமீற்றர் நுட்பத்தில் ஆய்வாளர் அளந்துள்ளனர். ஒளிக்கருவிகளைத் தடுக்கும் மூடுபனி இவற்றை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சப்பிரகமுவ மலைகளுக்கு இது சாலப் பொருந்தும்.

திருப்பப்படும் அலையாற் செய்தி கூறலாமென ஹாரி ஸ்ரொக்மன் கட்டுரை எழுதியது 1948 இல். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய பிரசாவுரிமைச் சட்டமும் அவ்வாண்டினதே. இது தற்செயலே, இதிற் காரணகாரியம் தேடுதல் வீண். எனினும் பொருளுக்கு அடையாளம் வழங்கும் வழி புலப்பட்ட ஆண்டில் மனிதரின் அடையாளம் மறுக்கப்பட்டமை நெஞ்சை உறுத்துவதாகும். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. லயத்து அறையோ பலருக்கு இன்றும் சொந்தமன்று.

அறிவு தன்னளவில் நன்மையே, எச்சரிக்கை கிடைப்பின் மக்கள் வெளியேறுவர் என்பர் சிலர். எங்கே வெளியேறுவது? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் மழையளவைக் கொண்டு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கின்றது. மாற்றுக் காணியில்லாக் குடும்பம் ஓரிரவு பாடசாலையிற் படுத்து, மழை ஓய்ந்ததும் அதே சரிவுக்கு மீளும். ஆதலின் வில்லை உண்மையிற் கட்டுவது லயத்தாரையன்று, வாசிப்போரையே. அளக்குமுன் 'அறியோம்' எனலாம். சரிவு நகர்ந்த தூரம் பதிவேட்டில் ஏறியபின் அச்சொல் செல்லாது. அளவாமலே இருப்பதிற் சிலர்க்கு வசதியுண்டு என ஐயுறுவதும் தவறன்று.

மறுபுறம், இவ்வில்லையையே இறப்பர்ப் பால் வெட்டுவோரின் பெயரட்டையிற் பொருத்தின், மரத்துக்கு மரம் அவர் நடந்த வேகமும் இளைப்பாறிய கணமும் கணக்காகும். உற்றுக் கேட்கப்படுவதால் மலை எதனையும் இழப்பதில்லை, மனிதர் இழப்பர். மலைக்கு இசைவு வேண்டா, மனிதர்க்கு வேண்டும். ஆகவே சரிவில் முதல் வில்லையை நடுமுன்னரே, வாசிப்புக் கருவி தோட்ட அலுவலகத்தில் இருப்பதா, லயத்து முற்றத்தில் இருப்பதா என்பதை அங்கு உறங்குவோரிடம் கேட்டாக வேண்டும்.